தலை மாறவில்லை, மற்றவை மாறின: ஃபெடரரின் பேக்ஹேண்ட், ஒரு நிகழ்வு ஆய்வு

"பாலைப் பாரு, தலையைத் தூக்காத!" எந்த ஊர் டென்னிஸ் கோர்ட்டுக்குக் காலையில் போனாலும் வேலிக்கு வெளியே வரை கேட்கும் சத்தம் இது. அறிவுரை சரிதான். அதற்குச் சொல்லப்படும் காரணம்தான் சரியில்லை. பந்து ராக்கெட்டின் ஸ்ட்ரிங்கில் (நரம்பு வலையில்) படுவதைக் கண்ணால் பார்க்கவேண்டும், அதற்காகத் தலையை அசைக்கக்கூடாது என்பார்கள். பந்து ஸ்ட்ரிங்கில் தங்கியிருப்பது ஒரு நொடியின் 1000 பங்கில் நாலைந்து பங்கு நேரம். கண் இமைக்கவே அதைப்போல இருபது மடங்குக்கு மேல் ஆகும். பந்து ராக்கெட்டில் படும் அந்தக் கணத்தை எந்த ஆட்டக்காரரும் பார்த்ததில்லை, பார்க்கவும் முடியாது.

அப்படியானால் தலையை ஏன் நிறுத்த வேண்டும்? இந்தக் கேள்விக்கு ரோஜர் ஃபெடரரைவிட நல்ல உதாரணம் கிடைக்காது. அடிக்கும் கணத்தில் தலை நிற்பதற்கு உலகம் முழுக்க கோச்கள் காட்டும் படம் அவருடையதுதான். அதே ஃபெடரர், தலை அவ்வளவு அழகாக நின்றும், ஒரே எதிராளியான ரஃபேல் நடாலிடம் பத்தாண்டுக்கு மேல் பேக்ஹேண்டில் (ராக்கெட் பிடிக்காத கையின் பக்கம் வரும் பந்தை அடிப்பதில்) அடிவாங்கிக்கொண்டே இருந்தார். பிறகு 2017-ல் அதே பேக்ஹேண்டால் அதே எதிராளியைத் தொடர்ந்து நான்கு முறை வீழ்த்தினார். தலை நிற்பது என்ன செய்கிறது, என்ன செய்வதில்லை என்ற இரண்டையும் ஒரே ஆளிடம் பார்க்க முடிவதால்தான் இந்த நிகழ்வை எடுத்துக்கொண்டேன்.

படத்தில் தெரிவது

முதலில் ஃபோர்ஹேண்ட், அதாவது ராக்கெட் பிடித்த கையின் பக்கத்தில் அடிக்கும் அடி. பந்து வரும்போது இடது கை உடலுக்குக் குறுக்கே நீண்டிருக்கும், தோள்கள் முழுக்கத் திரும்பியிருக்கும், முகவாய் இடது தோளுக்கு மேலே இருக்கும். அடி தொடங்கியதும் இடுப்பு, மார்பு, தோள் எல்லாம் சுழன்று முன்னால் வரும். முகம் மட்டும் சுழற்சியில் சேராது. பந்து படும் இடத்தைப் பார்த்தபடி பக்கவாட்டில் நிற்கும். பல புகைப்படங்களில் அவர் ராக்கெட்டின் பின்பக்கத்தை, ஸ்ட்ரிங்குகளின் ஊடாகப் பார்ப்பதுபோலவே இருக்கும். பந்து போன பிறகும் முகம் அங்கேயே இருக்கும். சுழன்று வரும் வலது தோள் முகவாயில் வந்து இடித்த பிறகுதான் தலை மேலே எழும். அடித்த பந்து மணிக்கு 108 கி.மீ. வேகத்தில் போவதாக வைத்தால் நொடிக்கு 30 மீட்டர். தலை பத்தில் ஒரு பங்கு நொடி அதிகமாக நின்றாலே பந்து 3 மீட்டர் போயிருக்கும். காலியான இடத்தைத்தான் அவர் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

ஒற்றைக் கை பேக்ஹேண்டில் இது இன்னும் பளிச்சென்று தெரியும். வலது தோள் முன்னால் வந்து, முதுகில் பாதி எதிராளிக்குத் தெரியும் அளவுக்கு உடல் திரும்பியிருக்கும். இடது கை ராக்கெட்டின் கழுத்தைப் பிடித்துப் பின்னால் இழுத்து வைத்திருக்கும். அடி கிளம்பியதும் இடது கை விடுபட்டு எதிர்த்திசையில், பின்பக்கமாக நீளும். இரண்டு கைகளும் விரித்த சிறகுபோல எதிரெதிரே போவதால் மார்பு முன்பக்கம் திறந்துகொள்ளாமல் பக்கவாட்டிலேயே இருக்கும். தலையும் அந்த நிலையிலேயே நிற்கும். நுங்கம்பாக்கம் ஸ்டேடியத்தில் 2014 முதல் 2016 வரை தொடர்ந்து மூன்று முறை சென்னை ஓப்பனை வென்ற வாவ்ரிங்காவை நேரில் பார்த்தவர்களுக்கு ஒற்றைக் கை பேக்ஹேண்டின் இந்த அமைப்பு புதிதாக இருக்காது.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஃபெடரரின் தலை ஆணி அடித்ததுபோல நிற்பதில்லை. ஃபோர்ஹேண்ட் அடிக்கும்போது பல நேரம் இரண்டு காலும் தரையில் இருக்காது. உடல் மேலே எழும்போது தலையும் எழும், முன்னால் போகும்போது தலையும் போகும். நடக்காதது ஒன்றுதான்: பந்து படும் இடத்திலிருந்து முகம் வெட்டித் திரும்புவதில்லை. வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பார்ப்பவர்கள் இந்த வித்தியாசத்தைப் பிடிக்காவிட்டால் மாணவனிடம் போய் "அசையாதே" என்று சொல்லிக் கழுத்தை இறுக வைத்துவிடுவார்கள்.

கண்ணால் முடியாதது

நகரும் பொருளைக் கண் வழுக்கிக்கொண்டு பின்தொடர்வதற்கு ஒரு வரம்பு உண்டு. நொடிக்கு சுமார் 100 டிகிரிக்கு மேல் போனால் கண் பின்தங்க ஆரம்பிக்கும். கிளப் மட்டத்தில், தரையில் பட்டு எழுந்த பந்து நொடிக்கு 15 மீட்டர் வேகத்தில் வருவதாக வைப்போம். எதிர்ப்பக்கத்தில் இருக்கும்போது அது கிட்டத்தட்ட நேராக வருவதால் கண்ணுக்குச் சிரமமில்லை. கையெட்டும் தூரத்தில், உடலுக்குப் பக்கவாட்டில், ஒரு மீட்டர் தள்ளிக் கடக்கும்போது அதன் கோண வேகம் நொடிக்கு 800 டிகிரியைத் தாண்டிவிடும். வரம்பைப்போல எட்டு மடங்கு. கடைசி ஒன்றிரண்டு மீட்டரில் பந்து கண்ணுக்குக் கோடாகிவிடுகிறது.

கிரிக்கெட்டில் இதை அளந்து பார்த்திருக்கிறார்கள். 2000-ல் மைக்கேல் லேண்டும் பீட்டர் மெக்லியோடும் மட்டையாளர்களின் கண்ணசைவைப் பதிவு செய்தார்கள். பந்தைக் கடைசிவரை யாரும் துரத்தவில்லை. கை விட்ட கணத்தைப் பார்த்துவிட்டு, பந்து எங்கே குத்தும் என்று ஊகித்துக் கண் முன்கூட்டியே அங்கே தாவியது. 2013-ல் டேவிட் மானும் அவருடைய சகாக்களும் செய்த ஆய்வில், உலகத்தர மட்டையாளர்களின் தலை பந்தின் திசையோடு சேர்ந்து திரும்புவதும், அவர்களுடைய கண் பந்தை முந்திக்கொண்டு மட்டையில் படப்போகும் இடத்துக்கே தாவிக் காத்திருப்பதும் தெரியவந்தது. டென்னிஸில் டேமியன் லஃபோன்ட் முன்னணி ஆட்டக்காரர்களின் புகைப்படங்களை வைத்து, பந்து படும் இடத்தை நோக்கித் தலை நிலைகொள்வதைப் பற்றி எழுதியிருக்கிறார்.

ஆக, கண் செய்வது துரத்தல் இல்லை, முன்போய்க் காத்திருத்தல். அதற்குத் தலை நிதானமாக இருக்க வேண்டும். தலை திரும்பும்போதெல்லாம் உட்காதின் சமநிலை உறுப்பு கண்ணை எதிர்ப்பக்கம் திருப்பி ஈடுகட்டப் பார்க்கும். ஊகிக்கும் வேலையோடு இந்தக் கணக்கும் சேர்ந்துகொள்ளும். தலையின் அசைவு குறைந்தால் அந்தச் சுமை குறையும். பார்வைக்குக் கிடைக்கும் லாபம் இவ்வளவுதான். பெரிய லாபம் இருப்பது கழுத்துக்குக் கீழே.

தோள் கேட்கும் விலை

மனிதத் தலை நாலரை, ஐந்து கிலோ எடை. அது உடலின் உச்சியில் இருக்கிறது. பந்து படுவதற்கு ஒரு கணம் முன்னால் "எங்கே போகுது?" என்று தலை தூக்கிப் பார்த்தால் தலை மட்டும் எழுவதில்லை. ஃபோர்ஹேண்டில் இடது தோள் மேலேயும் வெளியேயும் இழுபடும், மார்பு சீக்கிரம் திறக்கும், கை உடலுக்குக் குறுக்கே வந்துவிடும். பேக்ஹேண்டில் மார்பு முன்பக்கம் திரும்பி, ராக்கெட்டின் முகம் பந்தைக் குறுக்கே வழித்துக்கொண்டு போகும். ராக்கெட்டின் பாதை ஏற்கெனவே கிளம்பிவிட்டது. அது தொங்கும் அச்சை மட்டும் கடைசி நேரத்தில் நகர்த்துகிறோம்.

சேதத்தைக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். விதிப்படி பந்தின் விட்டம் 6.54 முதல் 6.86 செ.மீ. வரை. தலையோடு சேர்ந்து தோள் 3 செ.மீ. எழுந்தாலே ராக்கெட் கிட்டத்தட்ட அரைப் பந்து அளவு மேலே போய்விடும். பந்து ஸ்ட்ரிங்கின் நடுவில் படாமல் கீழ்ப்பக்கம் படும், ராக்கெட் கைக்குள் முறுக்கிக்கொள்ளும், இல்லையென்றால் ஃப்ரேமிலேயே பட்டு வேலியைத் தாண்டும். திசையும் அப்படித்தான். கோர்ட்டின் நீளம் 23.77 மீட்டர். பந்து கிளம்பும் திசை 1 டிகிரி மாறினால் எதிர் பேஸ்லைனில் (கோர்ட்டின் கடைசிக் கோட்டில்) 41 செ.மீ. விலகும். 3 டிகிரி என்றால் ஒன்றேகால் மீட்டர். கோட்டுக்கு ஒரு மீட்டர் உள்ளே குறிவைத்து அடித்த பந்து கோட்டுக்கு வெளியே விழ இதுவே போதும்.

கிளப் ஆட்டத்தில் இதைப் பார்க்க நல்ல இடம், சும்மா எழும்பி நிற்கும் குட்டைப் பந்து. நெஞ்சு உயரத்துக்கு மெதுவாக வருகிறது, எதிர்ப்பக்கம் முழுக்கக் காலி, நேரமும் தாராளம். ஆட்டக்காரர் பந்தைப் பார்க்கிறார், காலி இடத்தைப் பார்க்கிறார், மறுபடி பந்தைப் பார்க்கிறார், ராக்கெட் கிளம்பும்போது கண் காலி இடத்துக்கே போய்விடுகிறது. தொப்பியின் முனை மேலே வெட்டி எழும்புகிறது. பந்து வலையின் மேல் நாடாவில் மோதி இந்தப் பக்கமே விழுகிறது. வேகமாக வந்த பத்துப் பந்தை நன்றாகத் திருப்பி அடித்த அதே ஆள்தான் இவர். வேகமான பந்தில் வேடிக்கை பார்க்க நேரம் கிடைக்காததால்தான் தலை நின்றது. டபுள்ஸில் கூட ஆடுபவர் "சார், தலையைத் தூக்கிட்டீங்க" என்பார். இவரும் தலையாட்டிவிட்டு அடுத்த குட்டைப் பந்திலும் அதையே செய்வார். கோளாறு கண்ணில் இல்லை, முடிவைத் தெரிந்துகொள்ளும் அவசரத்தில் இருக்கிறது.

தலை நின்றும் தோற்ற காலம்

இனி நிகழ்வுக்கு வருவோம். ஃபெடரரும் ரஃபேல் நடாலும் முதலில் மோதியது 2004-ல், மயாமியில். 17 வயது நடால் 6-3, 6-3 என்று ஜெயித்தார். அப்போதே வியூகம் தெளிவு. இடதுகைக்காரரான நடாலின் குறுக்கு ஃபோர்ஹேண்ட், வலதுகைக்காரரான ஃபெடரரின் பேக்ஹேண்டுக்குப் போகும். அதில் நிமிடத்துக்குச் சராசரி 3200 சுற்று டாப்ஸ்பின் (பந்து முன்னோக்கி உருளும் சுழல்) இருந்ததாக அளந்திருக்கிறார்கள். தரையில் பட்டதும் பந்து தோளுக்கு மேலே எகிறும். ஒற்றைக் கை பேக்ஹேண்டுக்குத் தோளுயரப் பந்தைப்போலப் பகை வேறில்லை. அந்த உயரத்தில் கைக்கு வலு இல்லை, ராக்கெட்டின் முகத்தைக் கட்டுப்படுத்துவதும் கடினம். 2008 பிரெஞ்சு ஓப்பன் இறுதியில் நடால் 6-1, 6-3, 6-0 என்று ஜெயித்தார். அன்றும் ஃபெடரரின் தலை அவருக்கே உரிய நிதானத்தில்தான் நின்றது. அந்தக் காலத்தில் அவர் ஆடிய 90 சதுர அங்குல ராக்கெட்டின் ஃப்ரேமில் பட்டுப் பந்து கேலரிக்குப் பறந்ததை ரசிகர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

தலையை நிறுத்தினால் எல்லாம் சரியாகிவிடும் என்று போதிப்பவர்கள் பேசாமல் விட்டுவிடும் பகுதி இது. உலகத்திலேயே அடக்கமாக நிற்கும் தலை. ஆனாலும் மிஸ்ஹிட்டுகள். பந்து தன் வசதியான உயரத்தைத் தாண்டி வரும்போது, ராக்கெட்டும் சின்னதாக இருக்கும்போது, தலை மட்டும் நின்று காப்பாற்ற முடியாது. 2017-ல் மெல்போர்னில் நடந்த ஆஸ்திரேலிய ஓப்பன் இறுதிக்கு முன் இருவருக்குள்ளான வெற்றிக் கணக்கு நடாலுக்கு 23, ஃபெடரருக்கு 11.

2017

2016-ல் முழங்கால் அறுவை சிகிச்சை, விம்பிள்டன் அரையிறுதியில் ராவ்னிச்சிடம் தோல்வி, பிறகு ஆறு மாத ஓய்வு. 35 வயதில், 17-ஆம் தரவரிசையில் ஆஸ்திரேலிய ஓப்பனுக்கு வந்த ஃபெடரர் நிஷிகோரியையும் வாவ்ரிங்காவையும் ஐந்து செட்களில் வென்று இறுதிக்குப் போனார். ஜனவரி 29 அன்று நடாலை 6-4, 3-6, 6-1, 3-6, 6-3 என்று வீழ்த்தினார். ஐந்தாவது செட்டில் 1-3 என்று பின்தங்கிய பிறகு தொடர்ந்து ஐந்து கேம்கள். மொத்தம் 73 வின்னர்கள் (எதிராளி எட்ட முடியாமல் பாயின்ட் தரும் அடிகள்), நடாலுக்கு 35.

அன்று பேக்ஹேண்டில் கண்ணுக்குத் தெரிந்த மாற்றம் இரண்டு. சர்வீஸ் ரிட்டர்னில் வழக்கமாக வெட்டித் திருப்பும் ஸ்லைஸைக் குறைத்து, ராக்கெட்டை முழுதாக வீசி அடித்தார். ராலியில் (பந்து மாறி மாறிப் போய்வரும்போது) பேஸ்லைனை விட்டுப் பின்வாங்காமல், பந்து எகிறி முடிவதற்குள், எழும்பும்போதே அடித்தார். அடி தட்டையாகவும் வேகமாகவும் போனது.

எழும்பும்போதே அடிப்பது என்றால் என்ன என்பதை எண்ணில் பார்த்தால்தான் அதன் ஆபத்து புரியும். தரையில் பட்டு 1.4 மீட்டர் உயரம் எழும்பக்கூடிய பந்து ஒன்றை எடுத்துக்கொள்வோம். உச்சிக்குப் போக அதற்கு அரை நொடிக்குக் கொஞ்சம் மேல் ஆகும். இடுப்புக்குச் சற்று மேலே, 0.9 மீட்டரில், எழும்பும்போதே பிடித்தால் கிடைப்பது 0.21 நொடி. கண்ணால் பார்த்ததற்குக் கை பதில் சொல்ல ஏறத்தாழ 0.2 நொடி ஆகும். அதாவது பந்து தரையில் பட்ட பிறகு பார்த்துத் திருத்திக்கொள்ள நேரமே இல்லை. படும் கணத்திலேயே ராக்கெட்டின் பாதை முடிவாகிவிட வேண்டும். அதற்குப் பிறகு உடல் செய்யக்கூடிய ஒரே நல்ல காரியம், முடிவான பாதையைக் கெடுக்காமல் இருப்பது.

தலை இங்கேதான் வருகிறது. பின்னால் நின்று, பந்து விழ விழ அடிப்பவருக்குத் தலை கொஞ்சம் ஆடினாலும் மணிக்கட்டால் சரிசெய்ய இடம் உண்டு. எழும்பும் பந்தை அடிப்பவருக்கு அந்த இடம் கிடையாது. ஃபெடரரின் தலை 2017-ல் கற்றுக்கொண்ட வித்தை இல்லை. 2003-ல் முதல் விம்பிள்டனை வென்ற படங்களிலேயே அது இருக்கிறது. ஆனால் எழும்பும் பந்தை நாள் முழுக்க, ஐந்து செட், நடாலின் சுழலுக்கு எதிராக அடிக்கத் துணிந்தபோது அந்தப் பழைய பழக்கம்தான் அடித்தளமாக நின்றது. அது இல்லாதவர் இந்த வியூகத்தை ஒரு செட் கூடத் தாங்கியிருக்க மாட்டார் என்பது என் கணிப்பு.

எது எதனால்

ராக்கெட்டின் பங்கு பெரியது. 2014-ல் அவர் 90 சதுர அங்குலத்தை விட்டு 97-க்கு மாறினார். பெரிய முகம் என்பதால் நடுவை விட்டு விலகிப் படும் பந்தையும் ஓரளவு மன்னிக்கும். அது பேக்ஹேண்டுக்கு உதவியதை ஃபெடரரே சொல்லியிருக்கிறார். ஆனால் ராக்கெட் மட்டுமே காரணம் என்றால் 2014 ஆஸ்திரேலிய ஓப்பன் அரையிறுதியிலேயே பலன் தெரிந்திருக்க வேண்டும். பெரிய ராக்கெட்டோடு ஆடிய அந்த ஆட்டத்தில் நடால் நேர் செட்களில் ஜெயித்தார். 2015-ல் பாசெல் இறுதியில் ஃபெடரர் ஜெயித்தார். அதற்குப் பிறகு இருவரும் மோதியது மெல்போர்னில்தான்.

2016 முதல் கூட இருந்த கோச் இவான் லியூபிசிச்சும் ஒற்றைக் கை பேக்ஹேண்ட்காரர். ஆறு மாத ஓய்வும் இருந்தது. அந்த ஆண்டு மெல்போர்ன் கோர்ட் வேகமாக இருந்ததாக ஆட்டக்காரர்களே பேசிக்கொண்டார்கள். வேகமான கோர்ட்டில் நடாலின் பந்து எகிறுவதற்குள் பிடிப்பது சற்றே எளிது. இவை எல்லாம் சேர்ந்ததுதான் அந்த வெற்றி. தலைக்குத் தனியாக இத்தனை சதவீதம் என்று பிரித்துக் கொடுப்பவர் கதை விடுகிறார்.

ஆனால் ஒரு விஷயம் என்னை யோசிக்க வைக்கிறது. எதிராளியை அல்ல, பந்தைத்தான் ஆட வேண்டும், தயங்காமல் அடிக்க வேண்டும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டதாகப் போட்டிக்குப் பிறகு ஃபெடரர் சொன்னார். குட்டைப் பந்தில் தலை தூக்கும் நம் கிளப் ஆட்டக்காரர் செய்வது இதற்கு நேர்மாறானது. அவர் பந்தை ஆடுவதில்லை. காலி இடத்தையும், எதிராளியின் ஓட்டத்தையும், கிடைக்கப்போகும் பாயின்ட்டையும் ஆடுகிறார்.

அதே ஆண்டில் இண்டியன் வெல்ஸில் 6-2, 6-3, மயாமி இறுதியில் 6-3, 6-4, ஷாங்காய் இறுதியில் 6-4, 6-3. மூன்றிலும் நடாலுக்கு ஒரு செட் கூடக் கிடைக்கவில்லை. மெல்போர்ன் ஒரு நாள் அதிர்ஷ்டம் என்று சொல்ல முடியாமல் போனது இதனால்தான்.

மறுபக்கத்தையும் சொல்லிவிட வேண்டும். ஃபெடரர் அளவுக்குத் தலையை நிறுத்தாமல், பந்து பட்டதுமே முகத்தைத் திருப்பிவிடும் முதல்தர ஆட்டக்காரர்கள் நிறையப் பேர் உண்டு. பந்து படும் முன் தலை வெட்டாமல் இருப்பதுதான் கட்டாயம். பட்ட பிறகு எவ்வளவு நேரம் நிற்கிறது என்பது ஆளுக்கு ஆள் மாறும். நீண்ட நேரம் நிற்கும் தலை, முன்கூட்டியே எழாத தலைக்கு ஒரு காப்புறுதி, அவ்வளவே. பயிற்சியிலும் அதன் பயன் இதுதான். பந்து பட்ட பிறகு தலையை நிறுத்தப் பழகியவனுக்குப் படும் முன்னும் அது தானாக நிற்கும். நெருக்கடியில் காப்பாற்றும் மந்திரமும் அது இல்லை. 2019 விம்பிள்டன் இறுதியின் ஐந்தாவது செட்டில் 8-7, 40-15 என்று இரண்டு சாம்பியன்ஷிப் பாயின்ட் கையில் இருந்தும், முதலாவதில் ஃபெடரரின் ஃபோர்ஹேண்ட் வெளியே போனது, இரண்டாவதில் வலைக்கு ஏறி வந்தவரை ஜோகோவிச் தாண்டி அடித்தார்.

கிளப் கோர்ட்டுக்கு எடுத்துப்போவது

வார இறுதியில் ஆடுபவருக்கு ஃபெடரரின் ராக்கெட் வேகமோ கால் வேகமோ வராது. அவரிடமிருந்து அப்படியே எடுத்துக்கொள்ளக்கூடிய ஒரே பகுதி தலை. இதற்கு வலுவும் வேண்டாம், வயதும் தடையில்லை.

முதலில் தலை உண்மையில் என்ன செய்கிறது என்று பாருங்கள். இதில் நம் நினைப்பை நம்ப முடியாது. தலை நிற்கிறது என்றுதான் எல்லோரும் நினைத்துக்கொண்டிருக்கிறோம். செல்போனை வேலியில் பக்கவாட்டாகக் கட்டி, ஸ்லோ மோஷனில் நொடிக்கு 240 படம் என்ற அமைப்பில் எடுங்கள். அதில் ஒரு படத்துக்கும் அடுத்ததற்கும் 4.2 மில்லி நொடி இடைவெளி. பந்து ஸ்ட்ரிங்கில் இருக்கும் நேரமும் கிட்டத்தட்ட அதுவே என்பதால் ஒன்றிரண்டு படத்திலாவது பந்து ஸ்ட்ரிங்கில் சிக்கும். நொடிக்கு 30 படம் எடுக்கும் சாதாரண வீடியோவில் படங்களுக்கு நடுவே 33 மில்லி நொடி ஓடிவிடும். அதை வைத்துத் தலையைப் பற்றி எந்த முடிவுக்கும் வராதீர்கள். தொப்பி போட்டுக்கொண்டால் முனையின் திசை தெளிவாகத் தெரியும். பந்து படுவதற்கு முந்தைய பத்துப் படங்களில் முனை மேலேயோ எதிர்க்கோர்ட் பக்கமோ வெட்டுகிறதா என்பதை மட்டும் பாருங்கள். பிந்தைய படங்களை இப்போதைக்கு விட்டுவிடலாம்.

வெட்டுகிறது என்றால் உடனே கழுத்தைத் திட்டாமல் காலைப் பாருங்கள். பாதிக்கு மேல் நேரம் குற்றவாளி கால்தான். பந்துக்குத் தாமதமாகப் போய், எட்டி, உடலைச் சாய்த்து அடிப்பவருக்குத் தலை நிற்க வழியே இல்லை. கடைசி இரண்டு எட்டு சின்னதாக வைத்து, கால்களை அகட்டி, முழங்கால் மடக்கி நின்றவருக்குத் தலை தானாக நிற்கும். பிள்ளைகளிடம் "தலையை அசைக்காத" என்று கத்தும் கோச்கள் முதலில் "சீக்கிரம் போய் நில்லுப்பா" என்று கத்தலாம்.

கால் சரியாக இருந்தும் தலை எழுகிறது என்றால் அது முடிவைப் பார்க்கும் அவசரம். அதற்கு நான் கண்டவற்றில் சிறந்தது இந்தப் பயிற்சி. இருவரும் சர்வீஸ் கோட்டுப் பக்கம் நின்று மெதுவாக ஆட வேண்டும். ஒருவர் பந்து போடுவார், அடிப்பவர் தன் தோள் முகவாயில் வந்து தொடும்வரை பந்து பட்ட இடத்தையே பார்க்க வேண்டும். தலையைத் தூக்கும் முன்பே "உள்ளே", "நீளம்", "வலை" என்று ஏதாவது ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். எதிரில் நிற்பவர் சரியா தப்பா என்று சொல்வார். தொடக்கத்தில் ஊகம் ஏறுமாறாக இருக்கும். போகப் போக, கையில் வந்த அதிர்வையும் ஸ்ட்ரிங்கின் சத்தத்தையும் வைத்தே பெரும்பாலும் சரியாகச் சொல்ல வந்துவிடும். பார்க்காமலே தெரிந்துவிட்டால் பார்க்கும் அவசரம் குறைகிறது.

"அவ்வளவு நேரம் தலையைக் குனிந்திருந்தால் எதிராளியின் அடியைக் கோட்டைவிட மாட்டேனா?" என்று பெரியவர்கள் கேட்பதுண்டு. கிளப் வேகத்தில், சராசரி நொடிக்கு 15 மீட்டர் என்றால், பேஸ்லைனிலிருந்து பேஸ்லைனுக்குப் பந்து போக ஒன்றரை நொடிக்கு மேல் ஆகும். அதில் 0.2 நொடி தலை கூடுதலாக நின்றால் எதுவும் தவறிவிடாது. வேகமான சர்வீஸைத் திருப்பும்போதும், வலையருகே, பந்து தரையில் படும் முன்பே அடிக்கும் வாலியிலும் இந்த அளவு நிறுத்தத்தை எதிர்பார்க்கக்கூடாது. இது பேஸ்லைன் அடிகளுக்கான பழக்கம்.

நாற்பதைத் தாண்டி, புரொக்ரெஸிவ் கண்ணாடி போட்டு ஆடுபவர்களுக்கு இன்னொரு சிக்கல் இருக்கிறது. அந்தக் கண்ணாடியின் கீழ்ப்பகுதி படிப்பதற்கானது. இடுப்பு உயரத்தில் பந்து படும் இடத்தைக் கண்ணை மட்டும் தாழ்த்திப் பார்த்தால் பார்வை அந்தப் படிக்கும் பகுதி வழியே போய் மங்கும். தெளிவு தேடிக் கழுத்து தன்னையறியாமல் மேலும் கீழும் ஆட ஆரம்பிக்கும். இவர்களிடம் எந்தக் கோச் எவ்வளவு கத்தினாலும் தலை நிற்காது. தூரப்பார்வைக்கு மட்டுமான தனிக் கண்ணாடி ஒன்றை விளையாட்டுக்கென்று போட்டுக்கொண்டு, அதன் பிறகு வீடியோ எடுத்துப் பார்ப்பது நல்லது.